தன்மை என்ற சோம்பேறி ஒட்டு

பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஒர்க்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். முப்பது கோடிட்ட இடங்கள். இடது பக்கம் ஒரு சொல், வலது பக்கம் அதன் ‘அப்ஸ்ட்ராக்ட் நவுன்’. கைண்ட் என்றால் கைண்ட்னெஸ், ஆனஸ்ட் என்றால் ஆனஸ்டி, சைல்டு என்றால் சைல்டுஹுட். நான் படித்த காலத்தில் ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலும் இதே பயிற்சிதான். அப்போது பாகாயத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துவிடுவோம்.

பையன் ஸ்ட்ராங்குக்கு ‘ஸ்ட்ராங்னெஸ்’ என்று எழுதியிருந்தான். டீச்சர் சிவப்பு மையில் அடித்து ‘ஸ்ட்ரெங்த்’ என்று எழுதிவிட்டார். அவன் கேட்டது நியாயமான கேள்வி.

“அங்கிள், லாங்குக்கு லெங்த், வார்முக்கு வார்ம்த். அப்ப கூலுக்கு ஏன் கூல்த் இல்ல?”

பதில் சொல்ல முடிகிற கேள்வி இது, அதனால்தான் எனக்குப் பிடித்தது. ‘த்’ ஒரு செத்துப்போன விகுதி. பழைய ஆங்கிலத்தில் உயிரோடு இருந்தது. அதன் முன்வடிவத்தில் ஒரு இகரம் இருந்தது, அந்த இகரம் முன்னால் இருந்த உயிரெழுத்தையும் தன் பக்கம் இழுத்தது. அதனால்தான் லாங் லெங்த் ஆனது, ஸ்ட்ராங் ஸ்ட்ரெங்த் ஆனது, பிராட் பிரெட்த் ஆனது. இகரம் பிறகு கரைந்துபோய்விட்டது, அது இழுத்த தடம் மட்டும் இன்றைக்கும் ஸ்பெல்லிங்கில் நிற்கிறது. ‘கூல்த்’ என்று விளையாட்டாகச் சிலர் முயன்று பார்த்திருக்கிறார்கள், நிலைக்கவில்லை. இன்று புதிதாக ஒரு சொல் வந்தால் ஆங்கிலேயர் கை தானாகப் போவது ‘நெஸ்’ பக்கம்தான். ஆக, பையன் எழுதிய ஸ்ட்ராங்னெஸ் அகராதிப்படி தப்பு, ஆனால் உயிரோடு இருக்கும் விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறான். அடித்த டீச்சருக்கு அது தெரியவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒர்க்புக் எழுதினவருக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தப் பயிற்சியின் மேல் என் முதல் புகார் இதுதான். அது விகுதியை வெறும் வடிவமாகச் சொல்லித் தருகிறது. எந்த விகுதி என்ன அர்த்தத்தைக் கொண்டு வருகிறது என்று ஒரு வரி கூட இல்லை. ஹார்டு என்ற ஒரே சொல்லிலிருந்து ஹார்ட்னெஸ், ஹார்ட்ஷிப் இரண்டும் வருகின்றன. முதலாவது கல்லுக்கு, இரண்டாவது மனுஷனுக்கு. ‘பிசி’யிலிருந்து பிசினஸ் வந்தது, அந்தச் சொல் வியாபாரமாக மாறி வெளியே போய்விட்டதால், வேலை மும்முரத்தைச் சொல்ல ‘பிசிநெஸ்’ என்று மறுபடி ஒன்று செய்துகொள்ளவேண்டி வந்தது. எனார்மஸிலிருந்து வந்த எனார்மிட்டிக்குப் பெரிய அளவு என்பதைவிடப் பெரும் அக்கிரமம் என்பதே பழகிய பொருள். வேலூர்க்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது: கேஷுவாலிட்டி. கேஷுவல் என்றால் மூலத்தில் ‘தற்செயலான’. தற்செயலாக நடந்தது, பிறகு விபத்து, பிறகு விபத்தில் அடிபட்டவர், கடைசியில் அடிபட்டவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் வார்டு. ஒரு பண்புப்பெயர் கட்டிலும் ஸ்டாண்டும் போட்டு உட்கார்ந்துவிட்டது. கேஷுவல்னெஸ் என்று சொன்னால் இதில் எதுவும் வராது.

‘நெஸ்’ஸுக்கும் ‘இட்டி’க்கும் இருக்கும் இந்த வித்தியாசத்தை 1976-ல் மார்க் அரனாஃப் தன் புத்தகத்தில் நன்றாகவே பிரித்துக் காட்டினார். ‘நெஸ்’ ஒட்டினால் அடிச்சொல் அசையாது, பொருளும் பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே இருக்கும். ‘இட்டி’ ஒட்டினால் அழுத்தம் இடம் மாறும், ஒலி மாறும், பொருளும் எங்கேயாவது ஓடிவிடும். க்ளோரியஸிலிருந்து ‘க்ளோரியாஸிட்டி’ ஏன் வரவில்லை? ‘க்ளோரி’ என்ற சொல் ஏற்கெனவே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. க்ளோரியஸ்னெஸ் மட்டும் தடையில்லாமல் வரும். நம் அழகு இருக்கும்போது ‘அழகுமை’ வராதது போல.

ஹுட், டம், ஷிப் மூன்றும் ஒரு காலத்தில் தனிச்சொற்கள் என்பதையும் அவனிடம் சொன்னேன். ஹுட் என்றால் நிலை, தகுதி. டம் என்றால் தீர்ப்பு. ஷிப் என்பது ஷேப்புக்குச் சொந்தக்காரன். தமிழிலும் இதே கதை உண்டு. வேளாண்மை, மேலாண்மை, இறையாண்மை என்பவற்றில் வரும் ‘ஆண்மை’ ஆள் என்ற வினையிலிருந்து வந்தது. ஆம்பளைத்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (இறையாண்மையைப் பெண்ணியத்துக்கு எதிரான சொல் என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்.)

பையன் போய்விட்டான். என் சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அவனுடைய தமிழ்ப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். புரட்டினால் பண்புப்பெயர், தொழிற்பெயர். அங்கேயும் பட்டியல்தான். ஆனால் தமிழில் இந்த விஷயம் தலைகீழாக நடக்கிறது என்பதை அந்தப் பாடம் சொல்லவே இல்லை. ஆங்கிலத்தில் ‘ரெட்’ தனியாக நிற்கும், அதற்குப் பின்னால் நெஸ் ஒட்டும். தமிழில் ‘செம்’ தனியாக நிற்காது. நன்னூல் செம்மையைத்தான் முழுச்சொல்லாக எடுத்துக்கொண்டு, தாமரையோடு சேரும்போது அதன் ஈறு போய்விடுகிறது என்று விதி சொல்கிறது. செந்தாமரை. பெருமையும் ஊரும் சேர்ந்தால் ஈறு போய், முதலெழுத்து நீண்டு, பேரூர். பசுமையும் தமிழும் சேர்ந்தால் பைந்தமிழ். ஆங்கிலப் பாடம் கூட்டல் கணக்கு என்றால் பவணந்தி போட்டது கழித்தல் கணக்கு. என்னைப் போல நிரல் எழுதிப் பிழைப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை: எது அடிப்படை வடிவம் என்று எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து மீதி எல்லா விதியும் மாறும்.

தொழிற்பெயரில் கதை இன்னும் நன்றாக இருக்கிறது. 19 விகுதிகளைப் பட்டியல் போடுகிறோம்: தல், அல், அம், ஐ, கை, வை என்று தொடங்கி காடு, பாடு, அரவு வரை. எதற்கு இத்தனை? எல்லாம் ஒன்றுதான் என்றால் ‘தல்’ ஒன்றே போதுமே. தேர் என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல், தேர்வு, தேர்ச்சி. முதலாவதில் நடந்துகொண்டிருக்கும் செயல் இருக்கிறது, இரண்டாவதில் ஒரு நிகழ்வு, மூன்றாவதில் எட்டிய பலன். தேர்தலுக்கு ஒரு ஆணையம், தேர்வுக்கு ஒரு ஆணையம் என்று இந்த மூன்று விகுதியை நம்பி அரசாங்கமே நடக்கிறது. நட என்ற வினையிலிருந்து நடை, நடப்பு, நடத்தை, நடவடிக்கை. நடத்தை சரியில்லை என்றால் நடவடிக்கை வரும், மாற்றிச் சொல்ல முடியாது. இவ்வளவு நுட்பமான கருவிப்பெட்டியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்?

‘தன்மை’ ஒட்டுகிறோம்.

நான் சொல்வதை நம்பாவிட்டால் எந்த அலுவலக மொழிபெயர்ப்பையும் எடுத்துப் பாருங்கள். வெளிப்படைத்தன்மை, நம்பகத்தன்மை, சகிப்புத்தன்மை, பொறுப்புத்தன்மை, பயன்பாட்டுத்தன்மை. உங்கள் போனில் ‘அணுகல்தன்மை’. ஆங்கிலத்தில் ரிலையபிலிட்டி, கிரெடிபிலிட்டி, ஆதென்டிசிட்டி, டிரஸ்ட்வொர்தினெஸ் நான்கும் நான்கு விஷயம். இயந்திரம் நின்றுபோகாமல் ஓடுவது ஒன்று, ஒருவர் சொல்வது நம்பும்படி இருப்பது ஒன்று, ஆவணம் போலியில்லை என்பது ஒன்று, ஒரு மனிதரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்பது ஒன்று. தமிழில் நான்கும் நம்பகத்தன்மை. நானே இதைப் பல வருஷம் எழுதியிருக்கிறேன் என்பதால் கோபத்தில் பாதி என் மேல்தான்.

இலக்கணப்படி தன்மை ஒரு விகுதி அல்ல, தனிச்சொல். ஹுட்டும் ஷிப்பும் போன வழியில் அதுவும் ஒட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. மாறட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. என் ஆட்சேபம் அது ஒட்டும் இடத்தைப் பற்றியது. வெளிப்படை ஏற்கெனவே பெயர்ச்சொல். சகிப்பு ஏற்கெனவே தொழிற்பெயர். அதன் மேல் தன்மையை ஏற்றுவது ஆங்கிலத்தில் ‘கைண்ட்னெஸ்நெஸ்’ என்று சொல்வதற்குச் சமம். எழுதுகிறவருக்கு ஆங்கில மூலத்தில் ஒரு நீளமான வால் தெரிகிறது, தமிழிலும் வால் இல்லாவிட்டால் வேலை முடியாதது போல ஒரு பதற்றம். இன்னொரு வேடிக்கை: தன்மை, முன்னிலை, படர்க்கை என்று சொல்லும்போது தன்மை என்பது ‘நான்’, ‘நாம்’. பேசுகிற ஆளைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் ஆளே இல்லாத வாக்கியம் எழுத நாம் பயன்படுத்துகிறோம்.

தன்மையே கூடாது என்று சொல்லவில்லை. அமிலத்தன்மை, காரத்தன்மை, நச்சுத்தன்மை எல்லாம் அருமையான சொற்கள். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரைப் பற்றிப் பேசினால் கடினத்தன்மை, உப்புத்தன்மை இல்லாமல் பேச்சே கிடையாது. ஒரு பொருளை எடுத்து, சோதனைக்கூடத்தில் வைத்து, அளந்து எண் சொல்ல முடிகிற குணத்துக்குத் தன்மை பொருந்தும். மனுஷர்கள் செய்வதற்கும் செய்யாததற்கும் அது பொருந்தாது. தண்ணீருக்கு உப்புத்தன்மை இருக்கலாம். ஒரு அலுவலகத்துக்கு வெளிப்படைத்தன்மை அப்படி ‘இருக்காது’. யாரோ ஒரு பைலைத் திறந்து காட்டவேண்டும்.

பழைய ஆட்கள் இந்த இடத்தில் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்க்கக் குறளின் அதிகாரத் தலைப்புகள் போதும், உள்ளே கூடப் போகவேண்டாம். அடக்கமுடைமை, பொறையுடைமை, ஊக்கமுடைமை, பண்புடைமை. மடியின்மை. அழுக்காறாமை, புறங்கூறாமை, கள்ளாமை, கொல்லாமை, அவை அஞ்சாமை. சான்றாண்மை. முடிவில் எல்லாம் மைதான், ஆனால் மைக்கு முன்னால் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. உடைமை என்றால் ஒருவர் அதை வைத்திருக்கிறார். இன்மை என்றால் இல்லை. ஆமை என்றால் செய்யக்கூடியதை ஒருவர் செய்யாமல் நிற்கிறார். கொல்லாமை என்ற சொல்லில் கொல்ல முடிந்தும் கொல்லாத ஒரு ஆள் நிற்கிறார். இதை ‘கொலையற்ற தன்மை’ என்று மாற்றிப் பாருங்கள், ஆள் போய்விட்டார், கொலை நடக்காத ஒரு வெட்டவெளி மட்டும் இருக்கிறது. டாலரன்ஸுக்கு சகிப்புத்தன்மை என்கிறோமே, பொறையுடைமை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அலமாரியில் இருக்கிறது.

எங்கள் ஊர்த் தொழிலிலிருந்தே ஒன்று. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைகளில் ‘ரப் ஃபாஸ்ட்னெஸ்’ என்று ஒரு சோதனை. வெள்ளை ஃபெல்ட் துண்டைத் தோல் மேல் வைத்து முன்னும் பின்னும் இத்தனை தடவை என்று இயந்திரத்தில் தேய்ப்பார்கள். துண்டில் எவ்வளவு சாயம் ஒட்டியிருக்கிறது என்பதைச் சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். உலகத் தரத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 11640 என்று எண். இங்கே ஃபாஸ்ட் என்றால் வேகம் இல்லை, பிடித்து நிற்பது. இயந்திர மொழிபெயர்ப்புப் பக்கங்களில் இது ‘வண்ண வேகம்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் யோசிப்பவர் ‘நிற உறுதித்தன்மை’ என்பார். சாயம் போகாமை என்று சொன்னால் புடவைக் கடையில் நிற்கும் எந்த அம்மாவுக்கும் புரியும். அதே ஆமை.

நல்லதையும் சொல்லணும். பிரைவசிக்கு யாரோ ஒரு புண்ணியவான் ‘தனியுரிமை’ என்று வைத்தார். ‘தனித்தன்மை’ என்று போகாமல் உரிமை என்று முடித்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு பிரைவசி அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. அதைத் தமிழில் எழுதினால் ‘தனியுரிமை ஓர் உரிமை’ என்று கூறியது கூறலாக நிற்கும். டெல்லியில் ஒன்பது பேர் உட்கார்ந்து முடிவுசெய்ததைத் தமிழ்ச்சொல் வாலிலேயே வைத்திருக்கிறது. 2005-ல் வந்த ரைட் டு இன்ஃபர்மேஷனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் உரிமையும் தகவலும் மட்டும் இருக்கின்றன. தமிழில் ‘தகவல் அறியும் உரிமை’ என்று நடுவில் ஒரு வினை வந்து உட்கார்ந்தது. அறிவது நீங்களும் நானும். கம்யூனிசத்துக்குப் பொதுவுடைமை என்று சொன்னவர்கள் ‘இஸம்’ என்ற வாலைப் பார்க்காமல் சண்டை எதைப் பற்றி என்று பார்த்தார்கள். உடைமையைப் பற்றி.

கலைச்சொல்லுக்காகத் தமிழில் நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை. 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து சாஸ்திர பரிபாஷைக்கு ஒரு சங்கமும் பத்திரிகையும் தொடங்கினார்கள். தமிழ்ச்சொல் தேடும் பத்திரிகை ஆங்கிலத்தில் வருகிறதே என்று பாரதி குறைபட்டுக்கொண்டார். 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுப்பு வெளியிட்டது. 1940-ல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய்கிறது என்று பெரிய எதிர்ப்பு. என் கண்ணில் பட்டவரை எல்லாமே அடிச்சொல் எந்த மொழியிலிருந்து வரவேண்டும் என்ற சண்டைதான். வால் எப்படி இருக்கவேண்டும் என்று அந்த அளவுக்கு யாரும் மல்லுக்கட்டினதாகத் தெரியவில்லை. தூய தமிழ் அடிச்சொல் போட்டுவிட்டு அதன் மேல் ஆங்கில வாலை அப்படியே நகலெடுத்தால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

எனக்கு உறுத்துகிற காரணம் பாலாறு.

ஆங்கிலத்தின் ‘ஐஸேஷன்’, ‘ஷன்’ விகுதிகளுக்கு ஒரு வசதி உண்டு. தானாக நடந்ததா, யாராவது செய்ததா என்று சொல்லத் தேவையில்லை. குளோபலைஸேஷன் என்றால் உலகம் தானாக உருண்டு ஒன்றானதா, யாராவது உருட்டினார்களா? சொல்லில் தெரியாது. தமிழ் அந்தச் சலுகையைத் தராது. உலகமயமாதல் என்று எழுதணும், இல்லை உலகமயமாக்கல் என்று எழுதணும். ஆதலா, ஆக்கலா என்று எழுதும் கை முடிவு செய்தாகவேண்டும். தொண்ணூறுகளிலிருந்து இரண்டு வடிவமும் அச்சில் வருகின்றன, எழுதுகிறவரின் அரசியலை அந்த ஒரு எழுத்திலேயே ஊகித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஆர்வெல் 1946-லேயே இப்படிப்பட்ட பெயர்ச்சொல் மூட்டைகளைத் திட்டினார். 2012-ல் ஹெலன் ஸ்வோர்டு அவற்றுக்கு ‘ஸோம்பி நவுன்ஸ்’ என்றே பெயர் வைத்தார். அவர்கள் போராடிப் பெற வேண்டியது நமக்கு இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஆனால் பொல்யூஷனுக்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘மாசுபாடு’. மாசுபடு என்ற வினையிலிருந்து வருவது. படு தன்வினை, தானாக நடப்பது. பிறவினை மாசுபடுத்து, அதிலிருந்து வருவது மாசுபடுத்தல். 19 விகுதிப் பட்டியலில் இருக்கும் அதே ‘பாடு’ இங்கே வந்து ஆற்றை மாசு‘பட’ வைக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் பாடு பட்டவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். படுத்தியவர் யார் என்பதுதான் அந்தச் சொல்லில் இல்லை. வாரியத்தின் பெயரும் மாசு கட்டுப்பாடு வாரியம். அதிலும் கட்டுப்படு, கட்டுப்பாடு. மாசும் தானாகப் படுகிறது, பிறகு தானாகக் கட்டுப்படுகிறது. (பெயரை வைத்து வாரியத்தின் வேலையை எடைபோடவில்லை. கட்டுப்பாடு என்ற சொல்லுக்குப் புழக்கத்தில் கட்டுப்படுத்துவது என்ற பொருளும் வந்துவிட்டது என்பதும் தெரியும்.)

வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. சுத்திகரிக்காத தோல் கழிவுநீரால் இந்தத் தோல் பட்டையில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற வேளாண் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிப்பதற்குக் காரணம், ‘பொல்யூட்டர் பேஸ்’ என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது சொன்னதுதான். இலக்கணக் கண்ணோடு பாருங்கள். பொல்யூஷன் இல்லை, பொல்யூட்டர். அருவமான பெயரை நகர்த்திவிட்டு ஒரு ஆளை நிறுத்தி, அவருக்குப் பின்னால் ஒரு வினையையும் வைத்தார்கள்: கொடுக்கிறார். அதே தீர்ப்பில் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் வருகிறது. தன் செயலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு செய்கிறவர் மேல்தான், விவசாயி மேல் இல்லை. இதைத் தமிழில் ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும்’ என்று சொல்ல ஒரு தடையும் இல்லை. மாசுபாடு என்ற சொல்லை வைத்துக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. அந்த வினையில் கொடுக்கவேண்டிய ஆளே கிடையாது.

28 வருஷம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டுப் பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. அடுத்த நாள் தமிழ்ச் செய்திகளில் ‘பாலாறு மாசுபாடு வழக்கு’. நானும் குடும்ப வாட்ஸ்அப்பில் அப்படித்தான் பகிர்ந்தேன்.

சொல்லை மாற்றினால் ஆறு சுத்தமாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் ஆதல்–ஆக்கல் வித்தியாசம் எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு இலங்கைத் தமிழர்கள் சாட்சி. போர் முடிந்த பிறகு வீடு திரும்பாதவர்களுக்கு என்ன பெயர்? காணாமல் போனோர் என்று ஒரு சொல் இருந்தது. 2016-ல் சட்டம் இயற்றி அரசு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் ‘போன’தான். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார்கள் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். போகவில்லை, ஆக்கப்பட்டார்கள். ஆங்கிலத்திலும் இதே இடறல் இருக்கிறது. டிஸப்பியர் தன்வினை, அதனால் டிஸப்பியரன்ஸ் என்ற பெயரில் செய்தவர் இல்லை. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் தலைப்பில் முன்னால் ‘என்ஃபோர்ஸ்டு’ என்று ஒரு சொல்லை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய்மார்கள் ‘போ’வை எடுத்துவிட்டு ‘ஆக்கு’வைப் போட்டார்கள்.

அக்கவுன்டபிலிட்டிக்கு அவர்கள் பயன்படுத்தும் சொல்லையும் கவனியுங்கள்: பொறுப்புக்கூறல். நம் பக்கம் பொறுப்புடைமை என்கிறோம், சோம்பல் மிகுந்தால் பொறுப்புத்தன்மை. பொறுப்புடைமை மோசமில்லை, ஆனால் அதை அமைதியாக வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம். பொறுப்புக்கூறல் என்றால் வந்து வாயைத் திறக்கணும். அந்தச் சொல்லைக் கேட்ட உடனே யார், யாரிடம், எப்போது என்று மூன்று கேள்வி வரும். ஜெனீவா தீர்மானங்களைப் பற்றிய யாழ்ப்பாணப் பத்திரிகைச் செய்திகளைப் படிக்கும்போது தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு சொல்லையாவது இறக்குமதி செய்யக்கூடாதா என்று தோன்றும்.

இவ்வளவு பேசிவிட்டு என் பழைய கட்டுரைகளைத் தேடிப் பார்த்தேன். தன்மை, தன்மை, தன்மை. ஒரு கட்டுரையில் மட்டும் இருபத்திரண்டு இடம். இரண்டு மாலை உட்கார்ந்து திருத்தினேன். வெளிப்படைத்தன்மை பல இடத்தில் ஒளிவுமறைவின்மை ஆனது, சில இடத்தில் வெறும் வெளிப்படை போதுமாக இருந்தது. நம்பகத்தன்மை நான்காகப் பிரிந்தது: பழுதாகாமை, நம்பிக்கைக்குரிய பேச்சு, அசல், நாணயம். நாணயத்தை எழுதும்போது என் தாத்தா நினைவுக்கு வந்தார், கடன் கேட்டு வருபவர்களைப் பற்றி அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். மாசுபாடு எட்டு இடத்தில் இருந்தது. ஐந்தை மாசுபடுத்தல் என்று மாற்றினேன். மூன்று இடத்தில் எரிமலைப் புகையையும் புழுதியையும் பற்றிய பேச்சு, அங்கே தானாகப் பட்டது சரிதான்.

ஒன்றே ஒன்று தீரவில்லை. ஸ்கேலபிலிட்டி. 2014-ல் ‘விரிவாக்கத்தன்மை’ என்று எழுதியிருக்கிறேன். தன்மையை எடுத்துவிட்டு விரிவாதலா, விரிவாக்கலா என்று யோசித்தால் அந்தக் கட்டுரையில் நான் எதைச் சொல்லவந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கூடினால் சர்வர் தானாக விரியுமா, இல்லை ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்து விரிக்கணுமா? அந்த வருஷம் நாங்கள் வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்ததும் ஸ்கேலபிலிட்டி என்ற அந்த ஒரு சொல்தான். அவர் ஆதல் என்று புரிந்துகொண்டார். நாங்கள் ஆறு பேர் முறைபோட்டு ஆக்கிக்கொண்டிருந்தோம்.